நாணல் பேனாவும் மூங்கில் சாரமும்: எம்.எப். ஹுசைனின் ஓவிய வாழ்க்கை

(கோமாரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

எம்.எப். ஹுசைன் என்ற பெயரைச் சொன்னதும் பேச்சு இரண்டு பக்கமாக ஓடிவிடும். பாய்ந்து வரும் குதிரைகளை வரைந்தவர் என்பார்கள் சிலர். தெய்வங்களை ஆடையின்றி வரைந்து வழக்குகளுக்கு ஆளாகி நாட்டை விட்டுப் போனவர் என்று முடித்துவிடுவார்கள் வேறு சிலர். இரண்டும் நடந்தவைதான். ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேல் தூரிகை பிடித்த ஒருவரைக் குதிரைக்கும் வழக்குக்கும் இடையில் நிறுத்திவிட்டால், அவருடைய கை எங்கே பழகியது, பாணி ஏன் திரும்பத் திரும்ப மாறியது, மாறாமல் நின்றது எது என்பவற்றைக் கேட்க ஆளில்லாமல் போகும். இந்தச் சொற்பொழிவு சொல்ல வருவது இதுதான்: ஹுசைனின் பாணிகள் பலமுறை மாறின. அவற்றையெல்லாம் தாங்கிய கோடு, அரபு எழுத்தணியிலும் சினிமா விளம்பரப் பலகையிலும் பழகிய கோடு, கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

மக்பூல் ஃபிதா ஹுசைன் 1915 செப்டெம்பர் 17 ஆம் திகதி மகாராஷ்டிரத்தின் பண்டரிபுரத்தில் பிறந்தார். விட்டலரைத் தரிசிக்க அடியார்கள் நாட்கணக்கில் நடந்து வந்து சேரும் ஊர் அது. அந்த ஊரில் ஒரு சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை அவர். ஒன்றரை வயதிருக்கும்போதே உம்மா மௌத்தாகிவிட்டார். அவருடைய புகைப்படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெற்ற தாயின் முகம் எப்படி இருந்தது என்று அறிய அந்தப் பிள்ளைக்கு வழியே இருக்கவில்லை. பிற்காலத்தில் ஹுசைன் வரைந்த பெண்களில் பலருக்கு முகம் கிடையாது. அதற்குக் காரணம் இந்த இழப்புத்தான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

வாப்பா இந்தூருக்குக் குடிபெயர்ந்து ஆலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பாட்டனார் தகர வேலைக்காரர், விளக்குகளைப் பழுது பார்ப்பவர். பேரனின் கன்வஸ்களில் அரிக்கன் விளக்கும் குடையும் அடிக்கடி வருவதைப் பார்ப்பவர்கள் இந்த வீட்டை நினைத்துக்கொள்ளலாம்.

பதின்ம வயதில் அவரைப் பரோடாவில் ஒரு மத்ரஸாவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் கூஃபி என்ற அரபு எழுத்து வடிவம் அவர் கைக்கு வந்தது. அரபு எழுத்தணிக் கலையைச் சாதாரணமாக நினைத்துவிட முடியாது. நாணலைச் சரிவாகச் சீவிய பேனாவில், கை போகும் திசையைப் பொறுத்துக் கோடு தடிக்கும், மெலியும். அலிஃப் எத்தனை புள்ளி உயரம், 'பே' என்ற எழுத்தின் அடிக்கோடு எவ்வளவு நீளம் என்பதெல்லாம் கணக்கு. பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் இப்னு முக்லா இந்தக் கணக்கை முறைப்படுத்தினார். கூஃபி அதற்கும் முந்தியது, கோணமும் நேர்கோடுமாக நிமிர்ந்து நிற்பது. மை தாளில் பட்டபின் அழிக்க முடியாது. ஒரே இழுப்பில் எழுத்து முழுமையாக விழ வேண்டும். வரைவதற்கு முன்பே முழு உருவமும் மனத்தில் இருந்தாக வேண்டும் என்ற பயிற்சி ஒரு சிறுவனுக்கு இப்படிக் கிடைத்தது.

இந்த இடத்தில், நம்மூர்களில் எழும் கேள்வி ஒன்றை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்தே வந்திருக்கிறார்கள். நம் பள்ளிவாசல் சுவர்களில் எழுத்தும் கொடியும் பூவும் மட்டுமே இருப்பது அதனால்தான். அதே வேளையில் முஸ்லிம் சமூகங்களின் வரலாற்றில் உருவ ஓவியமும் தொடர்ந்து இருந்திருக்கிறது. ஹெராத் நகரின் பிஹ்ஸாத் பாரசீக நூல்களுக்கு மனிதரையும் மிருகங்களையும் வரைந்தார். அக்பரின் சபையில் ஹம்ஸாநாமாவுக்காக ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்கள் உருவாகின. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய மீர் ஸையித் அலியும் அப்துஸ் ஸமதும் ஈரானிலிருந்து வந்த முஸ்லிம்கள். ஹுசைன் இந்த இரண்டு மரபுகளுக்கும் வாரிசு. எழுத்தணி அவருக்குக் கோட்டைக் கொடுத்தது. நூலோவியம் கோட்டுக்குள் நிறத்தை எப்படி நிரப்புவது என்று காட்டியது.

இந்தூரில் மாலை வேளைகளில் சித்திரக் கல்லூரி வகுப்பு, பகலில் சைக்கிளில் சுற்றி நிலக்காட்சிகள். இப்படிச் சில ஆண்டுகள் கழிந்தபின், 1930களின் நடுப்பகுதியில், கையில் காசில்லாமல் பம்பாய்க்கு வந்தார். சினிமா விளம்பரப் பலகை வரையும் வேலை கிடைத்தது. கூலி சதுர அடிக்குச் சில அணாக்கள்.

அவருடைய ஓவிய வாழ்க்கையைப் பேசுகிறவர்கள் இந்த ஆண்டுகளை ஏழ்மைக் கதையாகச் சொல்லி விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு. விளம்பரப் பலகை ஒரு பள்ளிக்கூடம். கையகலப் புகைப்படத்தில் இருக்கும் நடிகையின் முகத்தைக் கட்டம் போட்டு இருபது, முப்பது அடிக்குப் பெருப்பிக்க வேண்டும். வரைகிறவர் சாரத்தில் நிற்கிறார். அவருடைய மூக்குக்கு முன்னால் இருப்பது ஒரு கண்ணிமை மட்டும். முழு முகத்தை அவரால் பார்க்க முடியாது. பார்ப்பவன் தெருவுக்கு அப்பால், ஓடும் டிராமில் இருக்கிறான். அவனுக்கு நுணுக்கம் தேவையில்லை. எடுப்பான கோடும், தட்டையான பெரிய நிறப்பரப்பும், ஒரே பார்வையில் பிடிபடும் அசைவும் வேண்டும். படம் வெள்ளிக்கிழமை வெளியாகும் என்றால் வியாழன் இரவுக்குள் முடிந்தாக வேண்டும். பின்னாளில் ஆயிரம் பேர் பார்த்திருக்க, பெரிய கன்வஸ் முன்னால் நின்று தயக்கமில்லாமல் கோடு இழுத்த ஹுசைனின் துணிச்சலுக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

1941 இல் ஃபஸீலாவைத் திருமணம் செய்தார். அதே காலத்தில் ஒரு தளபாடக் கடைக்குப் பிள்ளைகளின் அறைக்கான மரச் சாமான்களும் விளையாட்டுப் பொருட்களும் வடிவமைத்தார். பலகையில் வெட்டியெடுத்து நிறம் பூசிய யானை, குதிரை, வண்டி. அவருடைய 1950களின் உருவங்கள் வெட்டியெடுத்த பலகை போலத் தட்டையாகவும் விளிம்பு தெளிவாகவும் இருப்பதற்கு இந்தத் தொழிலும் ஒரு காரணம்.

1947 இல் பம்பாய் கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அவருடைய ஓவியம் பரிசு பெற்றது. அதைக் கவனித்த எப்.என். சூஸா, புதிதாகத் தொடங்கிய முற்போக்குக் கலைஞர் குழுவுக்கு அவரை அழைத்தார். சூஸா கோவாக் கத்தோலிக்கர். எஸ்.எச். ரஸா மத்திய மாகாணத்து முஸ்லிம். கே.எச். ஆரா, எச்.ஏ. காடே, சிற்பி எஸ்.கே. பாக்ரே ஆகியோர் மற்றவர்கள். ஆறு பேரும் ஆறு வகையான வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள். ஆங்கிலேயரின் கலைப்பள்ளி கற்பித்த யதார்த்தமும் வேண்டாம், வங்காளப் பாணியின் பழங்கால ஏக்கமும் வேண்டாம் என்பதில் அவர்கள் ஒன்றாக நின்றார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி பம்பாய்க்கு வந்த வால்டர் லாங்ஹாமர், எமானுவெல் ஷ்லெசிங்கர் போன்றோர் அவர்களுக்கு ஐரோப்பிய நவீன ஓவியத்தை அறிமுகம் செய்தார்கள், படங்களை வாங்கியும் கைகொடுத்தார்கள்.

இங்கே நம் நாட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பம்பாய்க் குழுவுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1943 இல், கொழும்பில் லயனல் வெண்டைச் சுற்றி '43 குழு' உருவாகிவிட்டது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி ஆகியோர் அதில் இருந்தார்கள். கீற் 1939–40 இல் பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் புத்தரின் வரலாற்றைத் தடித்த வளைகோடுகளால் வரைந்து முடித்திருந்தார். பிக்காஸோவிடம் கற்றதைக் கீழைத்தேயக் கதைக்கு ஏற்ப வளைக்க முடியும் என்று ஹுசைனுக்கு முன்பே காட்டியவர் கீற். அவரைப் பற்றிய மார்ட்டின் ரஸலின் நூலை 1950 இல் பம்பாயின் மார்க் நிறுவனமே வெளியிட்டது. நவீன ஓவியம் என்றதும் பாரிஸையும் பம்பாயையும் மட்டும் எண்ணும் நம் மாணவர்கள் கொழும்பையும் எண்ண வேண்டும். கோதமி விகாரைக்குப் போக விசாவும் தேவையில்லை.

ஹுசைனின் முதல் பெரிய திருப்பம் 1948 இல் டில்லியில் நடந்தது. இலண்டனில் காட்டப்பட்டுத் திரும்பிய இந்தியக் கலைப் பொருட்களை ஜனாதிபதி மாளிகையாகப் பின்னர் மாறிய கட்டடத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். சூஸாவும் ஹுசைனும் சேர்ந்து போனார்கள். மதுராவின் செம்மணற்கல் சிற்பங்களை, இடையில் மூன்று வளைவாக நிற்கும் பெண்ணுருவங்களை, ஹுசைன் அங்கே நிதானமாகப் பார்த்தார். பஸோலி நூலோவியங்களின் சுடும் மஞ்சளையும் சிவப்பையும் பார்த்தார். சிற்பத்தின் உடல், பஸோலியின் நிறம், நாட்டார் கலையின் வெகுளித்தனம் மூன்றையும் ஒன்றாக்க முயன்றதாகப் பின்னர் அவரே சொன்னார். அதற்குப் பிந்திய ஏழெட்டு ஆண்டுகள்தாம் அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த காலம். இதில் சந்தேகமே வேண்டாம்.

1954 இன் 'கிராம யாத்திரை' ஏறத்தாழ 14 அடி நீளம். 13 சிறு காட்சிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பெண்கள் வேலை செய்கிறார்கள், மாட்டு வண்டி போகிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு விவசாயியின் கை மட்டும் தன் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்து நிலத்தைத் தொடுகிறது. சுதந்திரம் பெற்று ஏழே ஆண்டான நாட்டில், நிலம் யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை ஓர் ஓவியர் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வேலையாக டில்லியில் இருந்த மருத்துவர் லியோன் வொலொடார்ஸ்கி அதை வாங்கினார். பின்னர் அது ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. பொதுமக்கள் பார்வைக்கு எட்டாமல் பல பத்தாண்டுகள் அங்கே இருந்தது. 2025 மார்ச்சில் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 13.75 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. நவீன இந்திய ஓவியம் ஒன்றுக்கு அதுவரை கிடைக்காத விலை.

1955 இன் 'ஸமீன்' தேசிய விருது பெற்று இன்று டில்லி நவீனக் கலைக் கூடத்தில் இருக்கிறது. அதற்குத் தூண்டுதல் பிமல் ராயின் 'தோ பீகா ஸமீன்' திரைப்படம். படம் நிலமிழந்தவனின் துயரத்தைச் சொன்னது. ஹுசைன் நிலத்தின் மேல் நடக்கும் வாழ்க்கையைக் கொண்டாடினார்.

1956 இன் 'சிலந்திக்கும் விளக்குக்கும் இடையில்' இன்னும் ஆழமானது. ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தியின் தலைமேல் விளக்கு. ஒருத்தியின் கையிலிருந்து நூலில் சிலந்தி தொங்குகிறது. மேலே எந்த மொழியிலும் வாசிக்க முடியாத எழுத்துகள் ஓடுகின்றன. மத்ரஸாவில் எழுதப் பழகிய கை, பொருள் தராத, ஆனால் அழகு குறையாத ஒரு வரியை எழுதிப் பார்த்திருக்கிறது. அந்தப் பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாமலிருப்பதே ஓவியத்தின் பலம்.

குதிரைகளும் இந்தக் காலத்தில்தான் வருகின்றன. இந்தூரில் முஹர்ரம் ஊர்வலத்தில் கர்பலாவை நினைவூட்டித் தூக்கிவந்த துல்துல் குதிரை அவர் பார்த்த முதற் குதிரைச் சிலை. 1952 இல் சீனாவுக்குப் போனபோது ஷு பெய்ஹோங்கின் மைக் குதிரைகளையும் தாங் காலத்துச் சுடுமண் குதிரைகளையும் கண்டார். அடுத்து ஐரோப்பாவில் மரினோ மரீனியின் வெண்கலக் குதிரைகள். நான்கும் ஒன்றாகி, கழுத்தை முறுக்கி வாயைத் திறந்து கனைக்கும் அந்தக் குதிரை பிறந்தது. முதலில் வந்த குதிரைகளில் கர்பலாவின் வேதனை இருக்கிறது. பிற்காலத்தில் வாங்குவோருக்காக நூற்றுக்கணக்கில் வரைந்தவற்றில் வேகம் மட்டுமே எஞ்சியது.

1964 இல் இந்திக் கவிஞர் முக்திபோத்தின் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொண்ட பிறகு ஹுசைன் செருப்பு அணிவதை விட்டார். 1967 இல் ராஜஸ்தானில் எடுத்த 'ஓர் ஓவியனின் கண்களூடாக' குறும்படம் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது.

சோஷலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியா அவரிடம் ஒன்று கேட்டார்: டாட்டா, பிர்லா வீட்டு வரவேற்பறைகளுக்கு வரைவதை விட்டு, மக்களின் ராமாயணத்தை வரையக் கூடாதா? ஹைதராபாத்தில் பத்ரி விஷால் பித்தியின் ஆதரவோடு ஹுசைன் ராமாயணத்தை வரையத் தொடங்கினார். பண்டிதர்களை அழைத்து வால்மீகியையும் துளசிதாசரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஏறத்தாழ 150 கன்வஸ்கள் வந்தன. அவற்றில் பலவற்றை மாட்டு வண்டிகளில் ஏற்றி ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோய் விரித்துக் காட்டியதாகவும், கண் எங்கே, மூக்கு எங்கே என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை என்றும், நகரத்தில்தான் அந்தக் கேள்வி எழும் என்றும் ஒரு பேட்டியில் அவர் சொன்னார். 1971 இல் பிரேசிலின் சாவோ பாலோ கலைவிழா பிக்காஸோவோடு அவரையும் சிறப்பு அழைப்பாளராக அழைத்தது. அதற்காக மகாபாரதத்தை வரைந்தார். அங்கே பாணி மறுபடியும் மாறியது. கிராமத்துப் பெண்களின் அமைதி போய், துண்டுபட்ட உடல்களும் மோதும் கால்களுமாகப் போர் கன்வஸில் ஏறியது.

எல்லாக் காலத்திலும் அவர் சரியாக நடந்தார் என்று சொல்ல முடியாது. 1975 இல் அவசரநிலை அறிவித்த இந்திரா காந்தியைத் துர்க்கையாக மூன்று பகுதிகளில் வரைந்தது, சிறையிலிருந்த எத்தனையோ பேரைப் புண்படுத்திய செயல். 1990களில் நடிகை மாதுரி தீக்ஷித்தை வரைந்த வரிசையும் அவருக்காக எடுத்த 'கஜ காமினி' படமும் பேசப்பட்ட அளவுக்கு நிலைக்கவில்லை. புகழைத் தேடிப்போன கலைஞன் என்ற குற்றச்சாட்டை மறுக்க அவருடைய நண்பர்களாலும் முடியவில்லை. ஆனால் 1980 அளவில் தொடங்கிய அன்னை தெரசா வரிசை அந்தக் குற்றச்சாட்டுக்கு எட்டாதது. நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையின் மடிப்புகள், கைகள், மடியில் பிள்ளை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. உம்மாவின் முகத்தை அறியாதவர் தாய்மையை வரைய எடுத்துக்கொண்ட வழி அது.

வழக்குகளின் கதை சுருக்கமாக. 1970 அளவில் வரைந்த சரஸ்வதி முதலான கோட்டோவியங்களை 1996 இல் போபாலின் இந்தி இதழொன்று மறுபடியும் அச்சிட்டுச் சர்ச்சையைக் கிளப்பியது. 1998 இல் பஜ்ரங் தளம் என்ற இந்துத்துவ அமைப்பினர் அவருடைய வீட்டைத் தாக்கினர். 2004 இல் அவர் இயக்கிய 'மீனாக்ஷி' படத்தின் கவ்வாலிப் பாடலில் குர்ஆன் சொற்றொடர் வருகிறது என்று முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தபோது படம் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. நம் ஊர்களில் முதற்கதையைச் சொல்கிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 2006 இல் 'பாரத மாதா' என்ற பெயரில் ஓர் ஓவியம் விளம்பரமானதும் எதிர்ப்பும் வழக்குகளும் பெருகின, அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 2008 மே 8 அன்று டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். தொண்ணூறு வயதுக் கலைஞர் தம் வீட்டிலிருந்து வரைந்துகொண்டிருக்க வேண்டியவர் என்ற கருத்தோடு தீர்ப்பை முடித்தார். அதே ஆண்டு உச்சநீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஆயினும் ஹுசைன் திரும்பவில்லை. டுபாயிலும் இலண்டனிலும் வாழ்ந்தார். 2010 இல் கட்டார் பிரஜாவுரிமையை ஏற்றுக்கொண்டு இந்தியக் கடவுச்சீட்டைக் கையளித்தார்.

புலம்பெயர்ந்த முதுமையில் அவர் ஓய்ந்துவிடவில்லை. கட்டாரின் ஷேக்கா மோஸா கேட்டுக்கொண்டபடி அரபு நாகரிகத்தின் வரலாற்றை 99 ஓவியங்களாக வரையத் திட்டமிட்டார். அல்லாஹ்வின் திருநாமங்களின் எண்ணிக்கை அது. அதே வேளையில் இலண்டனில் இந்திய நாகரிகத்தை மூன்று பகுதிப் பெரும் ஓவியங்களாகவும் வரைந்துவந்தார். அவற்றில் எட்டு முடிந்திருந்தன. 2014 இல் இலண்டன் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. 2011 யூன் 9 ஆம் திகதி, 95 ஆம் வயதில், இலண்டன் மருத்துவமனையில் ஹுசைன் காலமானார். ஜனாஸா இங்கிலாந்தின் புரூக்வுட் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. 2025 நவம்பரில் தோஹாவில் அவருக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் பெயர் 'லவ்ஹ் வ கலம்', பலகையும் எழுதுகோலும்.

இவ்வளவையும் கேட்டபின் அம்பாறைக் கரையோரத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வீதிகளில் கடைப்பெயரைக் கையால் எழுதியவர்கள் இருந்தார்கள். வள்ளங்களில் பெயரும் நிறமும் தீட்டியவர்கள், பள்ளிவாசல் முகப்பில் அரபு வாசகம் எழுதியவர்கள், கோயில் திரைச்சீலை வரைந்தவர்கள் இருந்தார்கள். இப்போது கணினியில் அச்சிட்ட பெனர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. எஞ்சியிருக்கும் பலகைகளைப் புகைப்படம் எடுங்கள். எழுதியவர் உயிரோடிருந்தால் அவரிடம் போய் எந்தத் தூரிகை, எந்த நிறம், யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். சித்திரப் பாட ஆசிரியர்கள் இதை மாணவர்களின் வேலையாகவே கொடுக்கலாம். சேர்ந்ததை வைத்துப் பாதுகாக்க ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நூலகம் பொருத்தமான இடம். பலகை எழுதியவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, ஆகவே இந்த ஆண்டே தொடங்குங்கள்.